மலைக்குப் போகும் சோத்துப் பார்சல்



லீவு வருகிறது. நான் இருக்கிற மூன்று வட்ஸ்அப் குறூப்பிலும் ட்ரிப் போஸ்டர் ஓடுகிறது. ஒன்று எல்ல, ஒன்று நாரங்கல மலையில் டென்ட் அடித்து பார்பிகியூ, மற்றது ஹோட்டன் சமவெளி. மூன்றிலும் பஸ் ஏசியா, சாப்பாடு எத்தனை வேளை, ஆளுக்கு எவ்வளவு என்று விபரமாகப் போட்டிருக்கிறார்கள். மலையில் எப்படி நடக்க வேண்டும், எதைக் கொண்டுபோகக் கூடாது என்பதைப் பற்றி ஒரு வரி கூட இல்லை. இதைக் குறை சொல்ல எனக்குத் தகுதி இல்லை. சில வருஷத்துக்கு முன் நான் முன்னின்று நடத்திய ட்ரிப்பின் கடிதத்திலும் அந்த வரி இருக்கவில்லை. அந்தக் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாக வாசியுங்கள்.

பத்தாம் வகுப்புப் பிள்ளைகளை ஹோட்டன் சமவெளிக்குக் கூட்டிப் போனோம். இஷாவுக்குப் பிறகு ஏறாவூரில் பஸ் வெளிக்கிட்டது. செங்கலடியில் திரும்பி மகாஓயா, பிபிலை, பதுளை, வெலிமடை என்று இரவு முழுக்க ஓட்டம். விடியும்போது வாசலில் நின்றோம். உம்மாமார் இரவிரவாகச் சமைத்துத் தந்த சோத்துப் பார்சல் ஐம்பது. ஒவ்வொன்றும் லஞ்ச் ஷீட்டில் சுற்றி, அதற்கு மேல் பேப்பர் சுற்றி, ஒவ்வொரு சொப்பிங் பேக்கில். அதோடு தண்ணிப் போத்தல் கேஸ், யோகட், டொபி, பிஸ்கட் பக்கெட்.

வாசலில் வனசீவராசிகள் திணைக்களத்து ஊழியர்கள் பிள்ளைகளின் பேக்குகளை ஒவ்வொன்றாகத் திறந்தார்கள். பிஸ்கட்டின் உறையைக் கழற்றி பிஸ்கட்டை பேப்பர் பையில் போட்டுக் கொடுத்தார்கள். தண்ணிப் போத்தலில் ஒட்டியிருக்கும் லேபலைக் கூட கிழித்து எடுத்தார்கள். பிள்ளைகள் சிரித்தார்கள். எங்கள் சோத்துப் பார்சலைப் பார்த்ததும் அவர்களில் வயது போன ஒருவர் அரைகுறைத் தமிழில், "சேர், இது எல்லாம் உள்ளே போக ஏலாது. மரை சாப்பிடும்" என்றார். லஞ்ச் ஷீட்டைக் கழற்றினால் சோற்றை எதில் வைப்பது? ஐம்பது பார்சலும் பஸ்ஸிலேயே இருந்தது. பிள்ளைகள் பிஸ்கட்டோடும் பேரீச்சம்பழத்தோடும் ஒன்பது கிலோமீற்றர் நடந்தார்கள்.

நான் விஞ்ஞானம் படிப்பிக்கிறவன். உணவு வலையைக் கரும்பலகையில் எத்தனை தரம் கீறியிருப்பேன். அட்டாளைச்சேனைக் கலாசாலையில் பயிற்சிப் பாடத்துக்கு நான் எடுத்ததே 'சூழல் மாசு'தான். அந்த மனிசனுக்கு முன்னால் நான் நின்ற நிலை இப்பவும் கண்ணுக்குள் நிற்கிறது.

அதோடு முடியவில்லை. பேக்கர் நீர்வீழ்ச்சிப் பக்கம் வரும்போது மூடுபனி இறங்கிவிட்டது. இரண்டு ஆசிரியர்களும் வரிசைக்கு முன்னால். பின்னால் ஆள் வைக்கவில்லை. எண்ணிப் பார்த்தபோது ஒரு பையன் குறைந்தான். முக்கால் மணித்தியாலத்துக்குப் பிறகு அங்கு வேலை செய்யும் ஒருவர்தான் அவனைக் கூட்டிக்கொண்டு வந்தார். நம்ம ஊர் வெயிலுக்குப் போடும் மெல்லிய சேர்ட்டோடு நின்றவன் குளிரில் நடுங்கிக்கொண்டிருந்தான். உலக முடிவு என்று சொல்கிற விளிம்பில் நின்றால் கீழே 800 மீற்றருக்கு மேல் பள்ளம். அந்த முக்கால் மணித்தியாலம் நான் என்னவெல்லாம் நினைத்தேன் என்று இங்கு எழுத விரும்பவில்லை. ஊர் வந்த அன்று இரவே அவன்ட உம்மாவிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். "புள்ள வந்துட்டான்தானே சேர், அல்ஹம்துலில்லாஹ்" என்றார். அந்தப் பெருந்தன்மையை நம்பி இன்னொரு ட்ரிப் நடத்த எனக்குத் துணிவில்லை.

திரும்பி வரும்போது வாகனத் தரிப்பிடத்தில் ஒரு பெரிய மரை நின்றது. ஆட்களுக்குப் பயமே இல்லை. நேராக வந்து கைக்குள் மூக்கை நுழைக்கிறது. எங்கள் பையன் ஒருவன் ரோல்ஸ் ஒன்றை நீட்டிவிட்டான், மற்றவர்கள் போன் எடுத்துவிட்டார்கள். பழக்கிவிட்டது நாம்தான். கையில் இருப்பதைத் தின்னப் பழகிய மிருகத்துக்கு கையில் இருக்கும் உறை வேறு, உணவு வேறு என்று தெரியாது. உப்பும் எண்ணெயும் பட்ட லஞ்ச் ஷீட் அதற்குச் சாப்பாடுதான். அங்கு செத்த மரைகளின் வயிற்றில் பொலித்தீன் இருந்ததாக எத்தனையோ தரம் செய்தி வந்துவிட்டது. வாசலில் அந்த மனிசன் சொன்ன "மரை சாப்பிடும்" என்ற இரண்டு வார்த்தைக்குள் இவ்வளவும் இருந்தது.

தூரத்து மலைக்கதை என்று நினைக்க வேண்டாம். அம்பாறையில் பள்ளக்காட்டுக் குப்பை மேட்டில் யானைகள் குப்பை தின்று சாகிற படம் 2022 ஜனவரியில் உலகம் முழுக்கப் போனது. எட்டு வருஷத்தில் இருபது யானை அளவில் என்று அப்போது எழுதினார்கள். இங்கிருந்து எவ்வளவு தூரம்? மதியச் சாப்பாட்டுக்குப் போய்த் திரும்பலாம்.

தண்ணீரை எடுத்துக்கொள்ளுங்கள். ஹோட்டன் சமவெளி மகாவலி, களனி, வளவை மூன்றுக்கும் ஊற்று. அங்கு முகில் மரத்தில் பட்டு, பாசியில் ஊறி, துளித்துளியாக இறங்குகிற தண்ணீர் அக்ரா ஓயா மாதிரிச் சின்னச்சின்ன ஆறாகி மகாவலியில் சேருகிறது. மினிப்பேயில் ஒரு பங்கு வாய்க்காலில் திரும்பி உல்ஹிட்டிய, ரத்கிந்த குளங்களுக்குப் போகிறது. அங்கிருந்து மலையைக் குடைந்த சுரங்கத்தால் மாதுறு ஓயாக் குளத்துக்கு வருகிறது. மாதுறு ஓயா எந்தப் பக்கம் வருகிறது என்று வாழைச்சேனை, ஓட்டமாவடி ஆட்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. உலக முடிவுக்குப் போகும் பாதையோரம் ஒருவன் ஓடையில் வீசும் ஷம்பூ பக்கெட் இங்கு வந்து சேரும் என்று மிகைப்படுத்த மாட்டேன். தண்ணீர் வரும் வழி அதுதான், அவ்வளவுதான் சொல்கிறேன்.

ஷம்பூ என்றதும் ஞாபகம் வருகிறது. நம்ம ஆட்கள் ஓடையைக் கண்டால் இறங்காமல் இருக்க மாட்டார்கள். லுஹருக்கு வுழூ செய்ய இறங்கி, சவர்க்காரம் எடுத்து, அப்படியே குளித்து, சாரனையும் கசக்கிவிட்டு வருகிற குடும்பங்களை மலைநாட்டில் பார்த்திருக்கிறேன். ஹோட்டன் சமவெளியில் ஓடையில் இறங்குவதே தடை. மற்ற இடங்களில் தடை இல்லாவிட்டாலும் கீழே ஒரு தோட்டத்து லயத்து ஆட்கள் அதே தண்ணீரைக் குடிக்க எடுக்கிறார்கள். ரசூலுல்லாஹ் இரு கை அள்ளும் அளவுத் தண்ணீரில் வுழூ செய்தார்கள் என்று ஹதீஸில் படித்தவர்கள் நாம். ஒரு போத்தல் தண்ணீர் ஒருவருக்குத் தாராளம். ஓடையிலிருந்து பத்திருபது எட்டுத் தள்ளி நின்று செய்தால் போதும், சவர்க்காரம் வேண்டாம்.

பாவா ஆதம் மலையைப் பற்றி எழுதாமல் இதை முடிக்க முடியாது. நம்ம வாப்பாமாரின் வாப்பாமார் அந்தப் பெயரைத்தான் சொல்வார்கள். சிவனொளிபாதம் என்றும் ஸ்ரீபாத என்றும் மற்றவர்கள் சொல்கிற 2243 மீற்றர் உயரமான அதே மலை. டிசம்பர் போயாவிலிருந்து வெசாக் வரைக்கும் இலட்சக்கணக்கில் சனம் ஏறும். ஏறுகிறவர்களோடு போத்தலும் டொபித் தாளும் ஏறும். சனம் இறங்கிவிடும், அதுகள் இறங்காது. ஒவ்வொரு பருவமும் முடிய இளைஞர் குழுக்கள் சாக்கு சாக்காகப் பொறுக்கி இறக்குகிறார்கள். அந்தக் காடு 2010இல் உலக மரபுரிமையாகப் பதிவானது, ஹோட்டன் சமவெளியும் நக்கிள்ஸும் சேர்த்து.

1344இல் இப்னு பதூதா அந்த மலைக்குப் போனார். புத்தளம் பக்கம் கரையிறங்கி, ஆரியச் சக்கரவர்த்தியைச் சந்தித்து, "எனக்கு வேறொன்றும் வேண்டாம், ஆதம் நபியின் பாதத்தைப் பார்க்க வழி செய்து தாருங்கள்" என்ற மாதிரிக் கேட்கிறார். அரசன் பல்லக்கும் சுமை தூக்க ஆட்களும் கொடுத்தான். அதோடு வருஷா வருஷம் அந்த மலைக்குப் போய்ப் பழகிய யோகிகளையும் பிராமணர்களையும் துணைக்கு அனுப்பினான். அட்டைக்கடிக்கு எலுமிச்சம்பழச் சாறு பிழிந்தார்கள், உச்சிக்கு ஏறச் சங்கிலி இருந்தது, கடைசிச் சங்கிலியில் நின்று கீழே பார்த்தால் பயத்தில் ஷஹாதா சொல்வார்கள் என்றெல்லாம் அவர் எழுதி வைத்திருக்கிறார். (எலுமிச்சை வேலை செய்கிறது. நான் பரீட்சித்துப் பார்த்தேன். உப்பைப் போல மண்ணையும் கெடுக்காது.) பாதி உலகம் சுற்றிய மனிசன் மலைக்குப் போகும்போது அந்த மலை தெரிந்த ஆட்களோடு போனார். நாம் கூகுள் மேப்போடு போகிறோம்.

இதை வேடிக்கைக்குச் சொல்லவில்லை. 2018 மார்ச் 11ஆம் திகதி தமிழ்நாட்டில் தேனி மாவட்டம் குரங்கணி மலையில் நடைபயணம் போனவர்கள் காட்டுத்தீயில் மாட்டினார்கள். 23 பேர் மௌத்தானார்கள். பெரும்பாலும் நம்ம வயசுக்காரர்களும் அதற்குக் குறைந்தவர்களும். காய்ந்த புல்லில் தீ காற்றோடு ஏறும் வேகத்துக்கு மனிசன் ஓட முடியாது. அதற்குப் பிறகுதான் அங்கு நடைபயணத்துக்கு ஒழுங்கு வந்தது. 2024 ஒக்டோபரில் அரசாங்கமே 40 பாதைகளைத் திறந்து, முன்பதிவு வைத்து, அந்தந்த மலையின் பழங்குடி இளைஞர்களுக்குப் பயிற்சி கொடுத்து வழிகாட்டிகளாக வைத்தது. வழிகாட்டி வீணான செலவு என்று நினைப்பவர்கள் குரங்கணியை ஒருக்கா தேடி வாசியுங்கள்.

நாரங்கல போஸ்டர் போட்ட தம்பிமாருக்கு இதைத் தனியாகச் சொல்கிறேன். ஊவாப் பக்கத்துப் புல்மலைகள் ஆகஸ்ட், செப்டெம்பரில் நம்ம ஊர் ஓலைக்கூரை மாதிரிக் காய்ந்து கிடக்கும். வருஷா வருஷம் எங்காவது எரிகிறது. அந்தப் புல்லுக்கு நடுவில் கரி போட்டு கோழி சுடத்தான் போகிறீர்கள். கோழியை ஊரில் சுடுங்கள், நானும் வாறேன். மலைக்குக் கொண்டுபோக வேண்டாம். இதையே டிசம்பர் லீவில் போகிறவர்களுக்கு வேறு மாதிரிச் சொல்ல வேண்டும். நமக்கு வாடை மழை பெய்யும் அதே மாதத்தில்தான் பதுளைப் பக்கம் மண் சரிகிறது. 2014 ஒக்டோபர் 29 கொஸ்லந்த மீரியபெத்தயில் காலையில் ஒரு லயமே மண்ணுக்குள் போனது. பஸ்ஸுக்கு அட்வான்ஸ் கொடுத்தாச்சு என்பதற்காக மண்சரிவு எச்சரிக்கை உள்ள நாளில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகக் கூடாது. காசு திரும்பி வராவிட்டால் போகட்டும்.

லயம் என்றேன். நாம் போட்டோவுக்காகப் போய் நிற்கும் தேயிலை மலை வேறு ஆட்களின் வேலைத்தலம், வீட்டு முற்றம். கண்டியிலிருந்து நுவரெலியா வரை 300 கிலோமீற்றருக்கு 'பீக்கோ ட்ரெயில்' என்று 22 பகுதியாக நடைபாதை வந்திருக்கிறது. அநேகம் பழைய தோட்டப் பாதைகள். அந்தப் பாதையில் இருப்பவர்கள் நம் மொழி பேசுகிற மலையக மக்கள். ஆனாலும் கொழுந்து பறிக்கும் அக்காமாரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் முகத்துக்கு முன்னால் போனைப் பிடிக்கிறோம். நம்ம வீட்டுப் பொம்புளைகள் வாசல் கூட்டும்போது ஒரு பஸ் வந்து நின்று ஐம்பது பேர் படம் எடுத்தால் விடுவோமா? தோட்டத்துக் கடையில் பிளேன்ரீயும் ரொட்டியும் வாங்கிச் சாப்பிடுங்கள். ஊரிலிருந்து எல்லாவற்றையும் கட்டிக்கொண்டு போய், அங்கு ஒரு ரூபாய் கூடச் செலவழிக்காமல், குப்பையை மட்டும் இறக்கிவிட்டு வருவது என்ன நியாயம்?

இதற்கு எனக்கு வழக்கமாகக் கிடைக்கும் பதில், "எல்லாரும்தான் போடுறாங்க சேர். நம்மட ஒரு பஸ் திருந்தினா நாடு திருந்துமா?" என்பது. இன்னொரு பதில், "நம்ம ஆக்கள் போட்டா மட்டும் வீடியோ எடுத்துப் போடுவாங்க, அதுக்காவது கவனமா இருக்கணும்" என்பது. இரண்டாவது பயம் எனக்கும் இருக்கிறது, மறுக்கவில்லை. 2019க்குப் பிறகு நம்ம பஸ் எங்கு நின்றாலும் பத்துக் கண் பார்க்கிறது. ஆனால் அந்தப் பயத்துக்காக மட்டும் சுத்தமாக இருப்பதென்றால் பார்க்க ஆளில்லாத வளைவில் ஜன்னலால் வீசத்தான் செய்வோம். பாதையில் கிடக்கும் தொல்லையை அகற்றுவது ஈமானின் ஒரு கிளை என்று மத்ரஸாவில் ஆறு வயதில் பாடமாக்கினோம். தொல்லையைக் கொண்டுபோய்ப் போடுவதைப் பற்றித் தனியாகப் பாடம் வேண்டுமா?

இப்போது நம்ம வீட்டு வாசலுக்கு வருகிறேன். குடும்பிமலை. சிங்களத்தில் தொப்பிகல. யுத்தத்தில் அந்தப் பெயரை எப்படிக் கேட்டோம் என்று முப்பது வயது தாண்டியவர்களுக்குத் தெரியும். 2007 ஜூலையில் ராணுவம் பிடித்த செய்தியோடுதான் எங்களுக்கு அந்த மலை அறிமுகம். இன்று கிரான் பக்கமாக மோட்டார் சைக்கிளில் நம்ம பிள்ளைகள் போய் ஏறுகிறார்கள். சந்தோசம்தான். மட்டக்களப்பில் மலை என்று சொல்ல நமக்கு இருப்பதே கொஞ்சம். ஆனால் அங்கும் அதே போத்தல், அதே கப். சுற்றிவர மாட்டுப் பட்டிக்காரர்களின் மேய்ச்சல், யானை திரியும் காடு. பொலித்தீன் தின்று மாடு செத்தால் பால்காரருக்கு யார் பதில் சொல்வது? பாறையில் பெயர் எழுதும் பழக்கமும் வந்துவிட்டது. காதலிக்கிற பிள்ளையின் பெயரை ஏன் பாறைக்குச் சொல்ல வேண்டும்?

ஹோட்டன் சமவெளியில் வாசலும் ஊழியரும் இருக்கிறது. குடும்பிமலையில் நம்ம பேக்கைத் திறந்து பார்க்க ஆளில்லை. அதனால்தான் சொல்கிறேன், பேக்கைத் திறந்து பார்க்கும் வேலை பஸ் வெளிக்கிடும் இடத்திலேயே நடக்க வேண்டும். ட்ரிப் நடத்துகிற கழகமோ பள்ளிக்கூடமோ ஜமாஅத்தோ, காசு சேர்க்கிறவர்தான் அதற்குப் பொறுப்பு. பிள்ளைகளுக்கு மலையுச்சியில் நின்று 'குப்பை போடாதீங்க' என்று கத்துவதில் பிரயோசனம் இல்லை. கையில் குப்பையைக் கொடுத்து அனுப்பியது நாம். சோத்துப் பார்சல் கட்டும் இரவிலேயே மலையில் என்ன விழும் என்பது தீர்மானமாகிவிட்டது. லஞ்ச் ஷீட்டுக்கு 2017 செப்டெம்பரிலிருந்து தடை என்று சட்டம் இருப்பதும், கடையில் கேட்டால் கிடைப்பதும் உங்களுக்குத் தெரியும்.

"அப்ப சோத்த எதுல கட்டுற சேர்?" இந்தக் கேள்விக்கு விடை தேட எனக்கு வெட்கப்படும் அளவு நாளெடுத்தது. விடை நம்ம வீட்டுக் குசினி மேல்தட்டிலேயே கவிழ்த்து வைத்திருந்தது. சஹன். கலியாணத்துக்கும் கந்தூரிக்கும் ஐந்து பேர் சுற்றியிருந்து சாப்பிடும் அதே சஹன். பஸ்ஸில் இரண்டு சட்டியும் சஹனும் ஏற்றினால் ஐம்பது பார்சலும் இல்லை, ஐம்பது சொப்பிங் பேக்கும் இல்லை. நடந்து முடித்துக் கீழே வந்து பாயை விரித்து எல்லாரும் சேர்ந்து சாப்பிடலாம். மேலே நடக்கும்போது பேரீச்சம்பழம், அவித்த முட்டை, கச்சான், அவரவர் வீட்டுப் பெட்டியில். தண்ணிக்கு பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவரும் அதே போத்தல்.

இந்த முறை எங்கள் பிள்ளைகளைக் கூட்டிப் போக வேண்டும் என்று அதிபர் கேட்டபோது நான்கு விஷயம் ஒத்துக்கொண்டால் வாறேன் என்றேன். ஒரே பஸ், நாற்பது பிள்ளைகளுக்கு மேல் இல்லை. பத்துப் பிள்ளைக்கு ஒரு பெரியவர், வரிசைக்குக் கடைசியில் கட்டாயம் ஒருவர், அது நானாக இருக்க வேண்டும். இடம் தெரிந்த வழிகாட்டிக்குக் கட்டணத்திலேயே காசு ஒதுக்க வேண்டும். பார்சல் இல்லை. கூட்டத்தில் இரண்டு பெற்றார் வழிகாட்டிக் காசுக்கு முணுமுணுத்தார்கள். ஒரு வாப்பா, "நாற்பது பேர் போதாது, மத்த கிளாஸ் புள்ளைகளும் ஆசப்படுது" என்றார். அது நியாயமான கவலைதான். அவர்களை அடுத்த தவணையில் வேறாகக் கூட்டிப் போகலாம் என்று சொல்லியிருக்கிறேன். இன்னும் எல்லாரும் முழுமனதாக இல்லை. அந்தத் தவறிய பையனின் உம்மாதான், இப்போது அவருடைய மகள் எங்கள் வகுப்பில், எழும்பி நின்று "சேர் சொல்றபடி செய்ங்க" என்றார்.

பெரிய சஹன் எட்டு தேவை. ஆறு கிடைத்துவிட்டது. இரண்டு இரவல் தரக்கூடியவர்கள் இன்பொக்ஸில் சொல்லுங்கள். பின்பக்கம் பெயர் எழுதியிருந்தால் நல்லம், திருப்பித் தரும்போது மாறாது.